‘தற்போது’ என்று எழுதாதீர்கள்

(யாழ்ப்பாணத்தில் நடந்த விக்கிப்பீடியா தொகுத்தல் பயிற்சியின் தொடக்கத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, ஆசிரியர்களே, தம்பி தங்கைமாரே, வணக்கம். ஒரு வசனத்தோடு தொடங்குவோம்.

“யாழ்ப்பாண மாவட்டத்தில் தற்போது 9 பாராளுமன்ற உறுப்பினர்கள் உள்ளனர்.”

இதில் என்ன பிழை? எண் பழையது, மாற்றிவிட்டால் சரி என்று கனபேர் சொல்வீர்கள். மாற்றினால் அடுத்த தேர்தலோடு அதுவும் பழசாகிவிடும். 2010 பொதுத் தேர்தலில் 9 பேர். 2015இலும் 2020இலும் 7 பேர். 2024 நவம்பர் 14 தேர்தலில் 6 பேர். அந்த வசனத்தை எழுதியவர் பொய் எழுதவில்லை. எழுதிய அன்று அது சரி. திகதி போடாமல் குளிர்பெட்டிக்குள் வைத்த மீன் மாதிரி, ‘தற்போது’ என்ற சொல் அதைப் பழுதாக்கிவிட்டது.

அதே வசனத்தில் இரண்டாவது பிழையும் ஒளிந்திருக்கிறது. ‘யாழ்ப்பாண மாவட்டம்’ எது? நிர்வாக மாவட்டங்கள் 25. தேர்தல் மாவட்டங்கள் 22. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சி நிர்வாக மாவட்டமும் அடங்கும். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்தது வன்னித் தேர்தல் மாவட்டம். ஆகவே கிளிநொச்சி வாக்காளரும் சேர்ந்து தெரிவு செய்தவர்களை யாழ்ப்பாணக் கச்சேரியின் (மாவட்டச் செயலகத்தின்) எல்லைக்குள் அடைத்துவிட முடியாது. திருத்திய வசனம் இப்படி வரும்: “கிளிநொச்சியையும் உள்ளடக்கிய யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டம் 2024 பொதுத் தேர்தலில் 6 உறுப்பினர்களைத் தெரிவு செய்தது, 2020இல் இந்த எண்ணிக்கை 7.” இதை 2040இலும் யாரும் தொடத் தேவையில்லை. எண் ஏன் மாறுகிறது என்று ஒரு வரி சேர்த்தால் இன்னும் நல்லது. தேர்தல் மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களில் 36, மாகாணத்துக்கு 4 வீதம் போகின்றன. மீதி 160 பதிவுசெய்த வாக்காளர் தொகைப்படி பகிரப்படுகின்றன. வாக்காளர் இடாப்பில் ஆட்கள் குறைந்தால் ஆசனமும் குறையும். தேசியப் பட்டியலின் 29 பேரோடுதான் மொத்தம் 225.

எப்போது, எந்த எல்லைக்குள், யார் சொன்னது. நாட்டின் அரசைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் நீங்கள் எழுதப்போகும் ஒவ்வொரு வசனத்திலும் இந்த மூன்றையும் தேடுங்கள். விக்கியில் பெரிய சண்டைகள் என்று வெளியே பேசப்படுபவற்றில் பாதி, இந்த மூன்றில் ஒன்று விடுபட்டதால் வந்தவை.

எல்லை விசயத்தில் இன்னும் கொஞ்சம் நிற்கவேண்டும். இங்கே ஓய்வுபெற்ற கிராம அலுவலர்கள் இருக்கிறீர்கள், உங்களுக்கு இது அரிச்சுவடி. ஆனால் கட்டுரைகளில் பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஓயாமல் குழம்புகின்றன. செயலகம் அரசாங்க நிர்வாக அலுவலகம். அங்கே தேர்தல் இல்லை. சபை மக்கள் தெரிவு செய்வது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் செயலகங்கள் 15. உள்ளூராட்சி மன்றங்கள் 17: ஒரு மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். பெயர்களும் பொருந்தாது. வலிகாமம் கிழக்குப் பிரதேச சபையின் பகுதிக்குச் செயலகம் கோப்பாய். வலிகாமம் வடக்குக்குத் தெல்லிப்பழை, தெற்குக்கு உடுவில், தென்மேற்குக்குச் சண்டிலிப்பாய், மேற்குக்குச் சங்கானை. மாநகர சபை எல்லையோ யாழ்ப்பாணச் செயலகத்தோடு நிற்காமல் நல்லூர்ச் செயலகப் பிரிவின் ஒரு பகுதிக்குள்ளும் போகிறது. ஆகவே “நல்லூரின் தவிசாளர்” என்று சபைத் தலைவர் ஒருவரைச் செயலகக் கட்டுரையின் தகவற்பெட்டிக்குள் (பக்க ஓரத்துச் சுருக்க அட்டவணைக்குள்) போட்டால், இல்லாத பதவியொன்றை நாங்களே உண்டாக்கிவிடுகிறோம்.

சனத்தொகையில் இந்தப் பிழை மோசமான கணக்காக மாறும். 1981 தொகைமதிப்பில் யாழ்ப்பாண மாவட்டம் 830,552. 2012இல் 6 இலட்சத்துக்கும் குறைவு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, இவ்வளவு பேர் குறைந்தார்கள் என்று கழித்துக் காட்டுவது எளிது. ஆனால் 1981இல் கிளிநொச்சி தனி மாவட்டம் இல்லை, 1984இல்தான் பிரிந்தது. கிளிநொச்சியின் 91,764 பேரைக் கழித்தால் 738,788. இதுதான் 2012ஓடு ஒப்பிடக்கூடிய எண். குறைவு அப்போதும் பெரிதுதான், அதை ஊதிக்காட்டத் தேவையே இல்லை. ஊதிக்காட்டிய எண்ணை ஒருவர் பிடித்துவிட்டால், பக்கத்தில் இருக்கும் சரியான எண்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார்.

அடுத்தது சொற்கள். தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. ஆரம்பத்திலிருந்தே பாக்குநீரிணைக்கு இரண்டு பக்கத்தாரும் ஒரே பக்கத்தில் எழுதுகிறார்கள். போர்த்துக்கேயர் - போர்ச்சுக்கீசியர், ஒல்லாந்தர் - டச்சுக்காரர், வர்த்தமானி - அரசிதழ், சட்டமூலம் - மசோதா என்று இணைகள் நீளும். இவற்றில் ஆபத்தில்லை. ஒன்றைத் தலைப்பாக வைத்து மற்றதிலிருந்து வழிமாற்று (தானாக அந்தத் தலைப்புக்குக் கொண்டுபோகும் இணைப்பு) கொடுத்தால் தேடுபவர் வந்து சேர்வார். ஒருவர் எழுதியதை மற்றவர் போய் மாற்றிக்கொண்டிருப்பது நேர விரயம். இலங்கையைப் பற்றிய கட்டுரையில் இலங்கை வழக்கு, தமிழ்நாட்டைப் பற்றியதில் அந்த வழக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆபத்தானவை ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உள்ளவை. ‘உயர் நீதிமன்றம்’ என்றால் இலங்கையில் நாட்டின் உச்சமான நீதிமன்றம். அதற்குக் கீழே மேன்முறையீட்டு நீதிமன்றம், அதற்கும் கீழே மேல் நீதிமன்றம். தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றம் என்பது மாநில மட்டத்தில் உள்ளது. உச்சியில் இருப்பது ‘உச்ச நீதிமன்றம்’. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என்று 2006 ஒக்டோபர் 16இல் தீர்ப்பளித்தது எங்கள் உயர் நீதிமன்றம். மதுரையில் இருந்து வாசிப்பவர், இதற்கு மேலே இன்னொரு நீதிமன்றம் இருக்கிறதே, அங்கே ஏன் போகவில்லை என்று நினைப்பார். முதல் தடவை வரும் இடத்தில் “நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றம்” என்று எழுதி இணைப்புக் கொடுங்கள். பிறகு உயர் நீதிமன்றம் என்றே போகலாம்.

‘கட்டளைச் சட்டம்’ இன்னொரு கண்ணி. குடியேற்ற காலத்துச் சட்டசபை இயற்றிய நிரந்தரச் சட்டத்துக்கு இங்கே அந்தப் பெயர். ஆங்கிலத்தில் அதே பெயருள்ள சட்டம் இந்தியாவில் அவசரச் சட்டம், குறுகிய ஆயுள் உள்ளது. ஆங்கிலக் கட்டுரையை இயந்திரத்தில் போட்டு மொழிபெயர்த்தால், யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமை பற்றிய 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ‘அவசரச் சட்டம்’ ஆகிவிடும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையோடு சேர்த்து இன்றைக்கும் காணி வழக்குகளில் பேசப்படும் சட்டம் அது. நூறு வருசத்துக்கு மேல் நீடித்த அவசரம்!

திகதிகளில் ஒரு சட்டத்துக்கு ஒரு திகதிதான் என்று நினைக்காதீர்கள். அரசியலமைப்பின் 19ஆவது திருத்தம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது 2015 ஏப்பிரல் 28. சபாநாயகர் சான்றுரைத்தது மே 15. சட்டமாவது சான்றுரையோடுதான். 2022இல் 22ஆவது திருத்தச் சட்டமூலம் என்று பேசப்பட்டது, நிறைவேறியபின் 21ஆவது திருத்தம் ஆனது. அந்த மாதத்துப் பத்திரிகையைச் சான்றாக வைத்தவர் இலக்கத்தைப் பிழையாக எழுதுவார். முதல் சனாதிபதி யார் என்பதிலும் கவனம். 1972 மே 22 முதல் வில்லியம் கோபல்லாவ. நிறைவேற்று அதிகாரம் கொண்ட முதல் சனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தன, அவர் பதவியேற்றது 1978 பெப்ரவரி 4இல், 1972 அரசியலமைப்புக்குச் செய்த திருத்தத்தின் கீழ். புதிய அரசியலமைப்பு வந்தது செப்டெம்பர் 7இல். “1978 அரசியலமைப்பின்படி சனாதிபதியானார்” என்று எழுதினால் ஏழு மாதம் இடிக்கும்.

பழைய வரலாற்றுக்கு வந்தால் சங்கிலி என்ற பெயரில் யாழ்ப்பாண அரசர் இருவர். மன்னாரில் கத்தோலிக்கராக மாறியவர்களைக் கொன்றது 1544இல், முதலாம் சங்கிலி. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபோது அரசாண்டவர் இரண்டாம் சங்கிலி. இரண்டையும் ஒருவர் தலையில் கட்டினால் அந்த அரசர் எழுபத்தைந்து வருசமாவது ஆண்டிருக்கவேண்டும். யாழ்ப்பாண வைபவமாலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஆண்டு எழுதுபவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. அது ஒல்லாந்தர் காலத்தில் எழுதப்பட்ட நூல். அதில் உள்ளதை “வைபவமாலை கூறுகிறது” என்று எழுதுங்கள். ஆண்டுக்குப் பின்வந்த ஆய்வாளரின் நூலைக் காட்டுங்கள். “யார் சொன்னது” என்பதன் பொருள் இதுதான்.

அண்மைய வரலாற்றில், போரைப் பற்றி எழுதும்போது, இது இன்னும் கூர்மையாக வேண்டும். இறந்தவர் தொகையை வெறும் எண்ணாக எழுதாதீர்கள். ஐ.நா. செயலாளர் நாயகம் அமைத்த நிபுணர் குழுவின் 2011 அறிக்கை, இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்ற மதிப்பீட்டைக் குறிப்பிட்டது என்று எழுதினால், அந்த எண்ணோடு உடன்படாதவரும் அந்த வசனத்தை நீக்க முடியாது. அறிக்கை அப்படிச் சொன்னது உண்மை.

அடைமொழிகளும் அப்படித்தான். 1981 மே 31 இரவு மூண்ட வன்செயலில் எங்கள் பொது நூலகம் எரிக்கப்பட்டு ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. இந்த வசனத்தின் முன்னால் நீங்கள் எந்தக் கோபமான சொல்லைப் போட்டாலும், அந்தச் சொல்லைச் சாட்டாக வைத்து வசனம் முழுவதையும் மீள்விக்க (நீக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுபோக) ஒருவருக்கு வழி கிடைக்கிறது. சொல்லோடு 97,000உம் போய்விடும்.

இனி வேலைமுறை. புதுக் கணக்குத் திறப்பவர்கள் கவனியுங்கள்: ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளைக்கு 6 கணக்குகளுக்கு மேல் திறக்கவிடாது. மண்டப இணைப்பில் முதல் ஆறு பேர், மற்றவர்கள் தங்கள் தொலைபேசித் தரவில் திறவுங்கள். பக்கம் முழுவதையும் திறந்து தொகுக்கவேண்டாம், பகுதி பகுதியாகத் திறவுங்கள். இரண்டு பேர் ஒரே பகுதியில் கைவைத்தால், பிந்திச் சேமிப்பவருக்குத் ‘தொகுத்தல் முரண்’ என்று திரை வரும். அங்கே அவசரப்பட்டு உங்கள் பிரதியை மேலே ஏற்றினால் பக்கத்து மேசைக்காரரின் அரைமணி நேர வேலை அழியும். உங்கள் பத்தியை மட்டும் பிரதியெடுத்து, வெளியே வந்து, புதிதாகத் திறந்து ஒட்டுங்கள்.

ஒரு சேமிப்பில் ஒரு விசயம். பத்துத் திருத்தத்தை ஒன்றாகச் சேமித்து அதில் ஒன்று பிழையென்றால், அண்மைய மாற்றங்களைப் பார்ப்பவர் பத்தையும் சேர்த்து மீள்விப்பார். அவரில் குறையில்லை, பிரித்தெடுக்க அவருக்கு நேரம் இல்லை. தொகுப்புச் சுருக்கத்தில் “திருத்தம்” என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். “ஆசன எண் 7இலிருந்து 6, தேர்தல் ஆணைக்குழு 2024 முடிவு” என்று எழுதுங்கள். மீள்வித்தால் திரும்ப மீள்விக்கவேண்டாம். கட்டுரையோடு சேர்ந்துள்ள பேச்சுப் பக்கத்துக்குப் போய், எந்த வசனம், எந்தச் சான்று, எத்தனையாம் பக்கம் என்று மூன்று வரி எழுதிவிட்டு ஓரிரு நாள் பொறுங்கள். பக்கத்தில் இருக்கும் நண்பர்களைக் கூப்பிட்டு “நானும் ஆதரிக்கிறேன்” என்று வரிசையாக எழுத வைக்கவேண்டாம். ஒரே இணைய முகவரியிலிருந்து ஐந்து புதுக் கணக்குகள் தலையாட்டினால், ஒருவரே பல பெயரில் வருகிறார் என்றுதான் நிர்வாகிகள் எடுப்பார்கள்.

சான்றுக்கு வர்த்தமானி, ஹன்சாட் (பாராளுமன்ற உரைப் பதிவு), தொகைமதிப்புத் திணைக்கள அறிக்கைகள், தேர்தல் ஆணைக்குழு முடிவுகள். அதிவிசேட வர்த்தமானியின் இலக்கத்தில் சாய்கோட்டுக்கு முன்னுள்ளது கிழமைக்குரியது, பின்னுள்ளது அந்தக் கிழமையில் எத்தனையாவது என்பது. இரண்டையும் எழுதாவிட்டால் யாராலும் தேடியெடுக்க முடியாது. அச்சில் அருகிப்போன உள்ளூர் நூல்கள், சிறப்பு மலர்கள் பலவற்றை 2005இலிருந்து இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். சட்ட வாசகத்துக்குப் பதிப்புரிமை இல்லை, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டமே அதை விலக்கியிருக்கிறது. பத்திரிகைக் கட்டுரைக்கு அந்த விலக்கு கிடையாது. வெட்டி ஒட்டினால் நீக்கிவிடுவார்கள்.

கடைசியாகப் பாமினி. உங்களில் பலரிடம் பழைய மலர்களின் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கும். ஒருங்குறிக்கு (யுனிகோடுக்கு) மாற்றும்போது இடையிலுள்ள ஆங்கிலச் சொற்கள் எல்லாம் அர்த்தமில்லாத தமிழாகிவிடும். அது கண்ணுக்குத் தெரியும், திருத்தலாம். கண்ணுக்குத் தெரியாத பிழை ஒன்று உண்டு. ‘தலைவர்’ என்பதன் கடைசி எழுத்தில் ரகரத்துக்குப் பதிலாகத் துணைக்காலும் புள்ளியும் விழுந்திருக்கும். திரையில் அச்சு அசலாக ‘ர்’ மாதிரியே தெரியும். தேடினால் அகப்படாது, இணைப்பு சிவப்பாகவே இருக்கும், ஏற்கெனவே உள்ள கட்டுரையை இல்லை என்று நினைத்து இன்னொருவர் புதிதாகத் தொடங்குவார். ஒட்டியவுடன் ஒரு ‘தலைவர்’ஐப் புதிதாகத் தட்டித் தேடிப்பாருங்கள். அகப்படாவிட்டால் கோப்பு முழுவதும் அந்தப் பிழைதான்.

சரி, இணைப்பு வந்துவிட்டதாம். சுவர்ப்பக்க மேசை வலிகாமத்தின் ஐந்து பிரதேச சபைகள். நடு மேசை தீவகமும் வடமராட்சியும். சட்டம் படிப்பவர்கள் யன்னல் பக்கம் வாருங்கள், நீதிமன்றக் கட்டுரைகள் உங்களுக்கு. மற்ற எல்லோரும் தேடல் பெட்டியில் ‘தற்போது’ என்று தட்டி, வடமாகாணக் கட்டுரைகளில் முதல் அகப்படுவதிலிருந்து தொடங்குங்கள்.