மார்கழியிலேயே தெரிந்துவிடும் வறட்சி

நேயர்களுக்கு வணக்கம். ஆடு மாடு வைத்திருக்கிற குடும்பங்களோடு கொஞ்சம் கணக்குப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

நம் ராமநாதபுரம் கடற்கரைக்கு ஆண்டுக்குக் கிடைக்கிற மழை 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பெரும்பகுதி ஐப்பசியில் தொடங்கி மார்கழிக்குள் பெய்து தீர வேண்டும். அது ஏமாற்றினால் அடுத்த ஐப்பசி வரை கண்மாய்க்கு வேறு நாதி கிடையாது. கோடையில் இரண்டு தூறல் விழுந்தால் புழுதி அடங்கும், புல் வளராது. ஆகவே தை பிறக்கும்போதே அந்த வருஷத்து மேய்ச்சல் இவ்வளவுதான் என்பது ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? சாயல்குடி, கடலாடி, தேவிபட்டினம், உச்சிப்புளி, எந்தப் பக்கம் போனாலும் பங்குனி, சித்திரை வரை மந்தையை இழுத்துக்கொண்டே போகிறோம். "எப்படியும் ஒரு கோடை மழை விழும் அண்ணாச்சி" என்கிறோம். விழவில்லை என்றானதும் எல்லோரும் ஒரே வாரத்தில் சந்தைக்குப் போகிறோம். ஆடு எலும்பும் தோலுமாக நிற்கும். வியாபாரி சொல்வதுதான் விலை.

2016-ல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாடு முழுவதிலும் 62 சதவீதம் குறைந்து போனது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. மந்தையோடு ஊர் ஊராகப் போய் ஆடு மேய்க்கிற நம் கீதாரிகளுக்கு வழக்கமாக ஒரு போக்கிடம் உண்டு. அறுப்பு முடிந்ததும் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் மந்தையை ஓட்டிப் போவார்கள். அங்கே வயலில் கிடை போட்டால், அதாவது உரத்துக்காக மந்தையை இரவில் அடைத்து வைத்தால், ஆட்டுக்கு அறுத்த தாள் கிடைக்கும், கீதாரிக்குக் கிடைக்கூலி கிடைக்கும். அந்த வருஷம் போன இடமும் காய்ந்து கிடந்தது. போக்கிடத்தை நம்பி முடிவைத் தள்ளிப்போடுவது எப்போதும் செல்லாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

இப்போது கணக்கு. 25 கிலோ எடையுள்ள ஒரு செம்மறி ஆட்டுக்குக் காய்ந்த தீவனமாகக் கணக்கிட்டால் நாளைக்கு முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை வேண்டும். 50 உருப்படிக்கு ஏறக்குறைய 45 கிலோ. அதில் பாதி மேய்ச்சலிலேயே கிடைத்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 22 கிலோவை நாம்தான் போட வேண்டும். பங்குனி முதல் ஆவணி வரை ஆறு மாதத்துக்கு நாலு டன் ஆகிறது. உங்கள் ஊரில் கடலைக்கொடி, பயறுப் பொட்டு என்ன விலையோ அதைப் போட்டுப் பெருக்கிப் பாருங்கள். அந்தத் தொகைக்கு எத்தனை ஆட்டை விற்க வேண்டும் என்றும் பாருங்கள். பல பேர் அந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிடுவார்கள். வைக்காதீர்கள். அந்த ஐம்பதில் பதினைந்து உருப்படியைத் தையில், உடம்பில் சதை இருக்கும்போதே கொடுத்துவிட்டால், நாலு டன் என்பது 2.8 டன்னாக இறங்குகிறது. அதை வாங்கப் பணமும் கையில் வந்துவிடுகிறது.

எந்தப் பதினைந்து? முதலில் கிடாக்குட்டிகள். இனத்துக்கென்று ஒன்றிரண்டு நல்ல கிடாயை நிறுத்திக்கொண்டால் போதும். பிறகு பல் விழுந்த கிழடு, போன தடவை சினை பிடிக்காதது, மடி கெட்டது. கையில் வைத்துக் காப்பாற்ற வேண்டியது நல்ல தாயாடும் வளர்கிற பெட்டைக்குட்டியும்தான். நம்மூர் ராமநாதபுரம் வெள்ளையோ கீழக்கரிசலோ, இந்த வெயிலுக்கும் இந்த முள்ளுக்கும் பழகிய தாய்களை இழந்துவிட்டு, மழை வந்தபின் வெளியிலிருந்து வாங்குவது பெருஞ்செலவு. வாங்கினாலும் அவை நம் காட்டுக்குப் பழக நாளாகும்.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவு செய்ய வேண்டாம். கடைசி விலாவுக்குப் பின்னால் முதுகெலும்பின் மேல் விரலை வைத்து அழுத்துங்கள். எலும்பு முனைகள் கூர்மையாகக் குத்தினால் அந்த ஆடு ஏற்கெனவே கடன் வாங்கித்தான் ஓடுகிறது. அப்படிப்பட்ட தாயைப் பிரித்து வைத்துத் தனியாகத் தீவனம் போடுங்கள். மந்தையோடு போட்டால் திடமான ஆடுதான் தின்னும்.

பால் குடிக்கிற குட்டி இருந்தால் இரண்டு, இரண்டரை மாதத்திலேயே பால் மறக்கடிக்கலாம். பால் கொடுக்கிற தாய்க்குத் தீவனம் கூடுதலாக வேண்டும். மறக்கடித்த குட்டிக்குக் கொஞ்சம் நல்ல தீவனம் போடுவது அதைவிட மலிவு. ஆட்டுக்குச் சினைக்காலம் ஐந்து மாதம். ஐப்பசியில் கிடாயைச் சேர்த்தால் குட்டி பங்குனியில், காட்டில் ஒன்றுமில்லாத நேரத்தில் விழும். கிடாயைப் பிரித்து வைத்து, ஆனி, ஆடியில் சேர்த்துப் பாருங்கள்.

மாடு வேறு கணக்கு. 250 கிலோ நாட்டுமாடு நாளைக்கு ஆறேழு கிலோ காய்ந்த தீவனம் தின்னும். ஏழு ஆடு தின்பதை ஒரு மாடு தின்கிறது. தண்ணீரும் அப்படியே. கோடையில் ஆட்டுக்கு நாலைந்து லிட்டர், மாட்டுக்கு 40 லிட்டருக்கு மேல். தள்ளுவண்டியில் குடம் வைத்து ஊற்றுக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவருகிற வீட்டில் இது யாருடைய உழைப்பு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கறவை நின்ற மாட்டை அந்த வீட்டுப் பெண்களைக் கேட்காமல் வைத்துக்கொள்ளவும் கூடாது, விற்கவும் கூடாது என்பது என் கட்சி. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் உப்பேறியிருந்தால் செம்மறி ஓரளவு தாங்கும், மாடு அவ்வளவு தாங்காது. உமரி என்ற உப்புச்செடியை மேய்கிற ஆட்டுக்கும் தண்ணீர் கூடுதலாகத் தேவைப்படும்.

வைக்கோலை ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானைப் பக்கம் அறுப்பு நடக்கிற தை, மாசியிலேயே வாங்கிப் போர் போட்டுவிடுங்கள். சித்திரையில் அதே கட்டுக்கு வேறு விலை. நெல் மணி பிடிக்காமல் சாவியாகப் போயிருந்தால் பயிரையே தீவனமாகப் பேசி வாங்கலாம். செம்மறி வைக்கோலைக் கடமைக்குத்தான் கடிக்கும், அது மாட்டுக்கு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 60 லிட்டர் தண்ணீரில் கரைத்து, படலம் படலமாகத் தெளித்து, மிதித்து, தார்ப்பாயால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைத்தால் சத்து கூடும். எடுத்து ஆற விட்டுப் போட வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு ஆகாது. யூரியாக் கரைசலை மாடு நேரடியாகக் குடித்துவிட்டால் உயிர் போய்விடும், வாளியைக் கண்ட இடத்தில் வைக்காதீர்கள்.

அடுத்து நம் காட்டிலேயே கிடைக்கிற தீவனம். உடைமரத்து நெற்றும் சீமைக்கருவேல நெற்றும். சீமைக்கருவேலத்தை வெட்ட வேண்டுமா வேண்டாமா என்ற வழக்குக்கு இப்போது நான் வரவில்லை. மரம் நிற்கிறது, நெற்று விழுகிறது, இனிப்பாக இருப்பதால் ஆடு ஓடிப்போய்த் தின்கிறது. ஆனால் அதையே முழுத் தீவனமாக்கினால் மாட்டுக்குத் தாடை இழுத்துக்கொண்டு நலிந்துவிடும். பொறுக்கி, நன்றாகக் காய வைத்து, இடித்து, தவிட்டோடு கலந்து, கலவையில் நாலில் ஒரு பங்கு மட்டும் போடுங்கள். இடிக்காமல் போட்டால் விதை சாணத்தோடு விழுந்து உங்கள் புஞ்சையிலேயே முளைக்கும். பூசணம் பிடித்த நெற்று வேண்டவே வேண்டாம்.

செலவைக் குறைக்கிறேன் என்று தாது உப்பை நிறுத்தாதீர்கள், அது சின்னச் செலவு. குடற்புழு மருந்தை மழையில்லாத மாதங்களில் மாதாமாதம் ஊற்றுவதை நிறுத்தலாம். காய்ந்த காட்டில் புழு பெருகாது. கைமாற்று வட்டிக்குப் போகுமுன் வங்கியில் கேளுங்கள். 2019 முதல் கிசான் கடன் அட்டை கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு.

கடைசியாக, முதல் மழை. வறட்சியைத் தாண்டி வந்த ஆட்டை முதல் மழைக்குப் பிறகு பறிகொடுப்பது நம் பக்கம் அடிக்கடி நடக்கிறது. வாடி நின்று, மழை பட்டதும் தளிர்விடும் சோளப் பயிரில் விஷம் இருக்கும். மேய்ந்த மாடு சற்று நேரத்திலேயே விழுந்துவிடும். பூக்கும்வரை அந்தப் பக்கம் விடாதீர்கள். பட்டினி கிடந்த செம்மறி புதுப்புல்லை வயிறு முட்டத் தின்றால் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய் வரும். அதற்கான தடுப்பூசியை மழைக்கு முன்பே, ஆவணியில் போட்டுவிட வேண்டும். ஊரில் பத்து வீட்டு மந்தையை ஒரே காலையில் ஒரே இடத்தில் நிறுத்துவதாகச் சொல்லி, உங்கள் பகுதிக் கால்நடை மருந்தகத்தில் முன்கூட்டியே நாள் கேட்டு வாங்குங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

வணக்கம்.