நாய்க்கு எலிக்காய்ச்சலா? 10 நிமிட அட்டையை எப்படி வாசிப்பது

காட்சி: மழை விட்ட மறுநாள். தெருவோரம் தேங்கிய நீரை நக்குகிறது ஒரு நாய்.

குரல்: இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, வாந்தி, காய்ச்சல், கண்ணின் வெள்ளையில் மஞ்சள். மழைக்காலத்தில் இப்படி வரும் நாயைப் பார்த்ததும் கால்நடை மருத்துவருக்கு எலிக்காய்ச்சல் நினைவுக்கு வரும். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரிலிருந்து தொற்றும் லெப்டோஸ்பைரா என்ற பாக்டீரியாவின் வேலை அது.

காட்சி: சிறிய பிளாஸ்டிக் அட்டை. அதன் குழியில் சீரம் (ரத்தம் உறைந்த பின் பிரியும் தெளிநீர்) சொட்டுகிறது.

குரல்: கர்ப்பப் பரிசோதனை அட்டையின் உறவுக்கார அட்டைதான் இது. சீரமும் கரைசலும் பட்டையில் ஊறி நகரும். லெப்டோஸ்பைராவுக்கு எதிராக நாயின் உடல் உருவாக்கிய ஆன்டிபாடி அதில் இருந்தால், சோதனைக் கோட்டில் நிறம் ஏறும். அட்டை ஒழுங்காக வேலை செய்ததைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோடே தெரியாவிட்டால் அந்த அட்டை செல்லாது. எல்லாம் 10 நிமிட வேலை.

காட்சி: நாள்காட்டி. முதல் 7 நாட்கள் சிவப்பில்.

குரல்: சிக்கல் இங்கேதான். அட்டை தேடுவது கிருமியை அல்ல, ஆன்டிபாடியை. அது போதிய அளவில் ஊற ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். நாய் படுத்த இரண்டாம் நாளில் கோடு விழவில்லை என்பதற்காக நிம்மதியாக வீடு திரும்பினால், நோய் சிறுநீரகத்தைத் தின்றுகொண்டிருக்கும். அந்த நாட்களில் கிருமி ரத்தத்தில் திரிவதால், ரத்தத்தை, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனைக்கு அனுப்புவதே சரி. பிறகு கிருமி சிறுநீரில் வெளியேறத் தொடங்கும். எதை எடுத்தாலும் ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே எடுக்க வேண்டும்.

கோடு விழுந்தாலும் துள்ள வேண்டாம். அண்மையில் தடுப்பூசி போட்ட நாய்க்கும் அது விழக்கூடும். தடுப்பூசிப் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோங்கள்.

காட்சி: நுண்ணோக்கியில் நெளியும் சுருள் கிருமிகள்.

குரல்: உறுதி செய்ய எம்ஏடி என்ற பழைய முறை இருக்கிறது. உயிருள்ள கிருமியுடன் சீரத்தைக் கலந்து, கிருமி திரள்கிறதா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்து, ஆன்டிபாடி அளவு 4 மடங்கு ஏறியிருந்தால் எலிக்காய்ச்சல்தான். அதற்குள் நாய் தேறியிருக்கும், அல்லது புதைத்திருப்போம். அதனால்தான் நல்ல மருத்துவர் எந்த முடிவுக்கும் காத்திராமல், சந்தேகத்தின் பேரிலேயே பென்சிலின் வகை ஊசியையோ டாக்சிசைக்ளினையோ தொடங்கிவிடுகிறார்.

காட்சி: கையுறை அணிந்த கை தரையைத் துடைக்கிறது.

குரல்: நாயின் சிறுநீரிலிருந்து உங்களுக்கும் இது தொற்றும். முடிவு வரும்வரை வெறுங்கையால் துடைக்காதீர்கள்.