ஜெரார் ஃபிலிப்: சுவரொட்டியில் அகரவரிசைப்படி நின்ற நட்சத்திரம்

[திரையில்: பாரிஸ், அத்தெலியே அரங்கு, 1950]

நவம்பர் மாதம். பிராந்தெல்லோவின் 'நான்காம் ஹென்றி' நாடகத்தில் நடித்துக்கொண்டிருக்கும் நடிகரும் நாடக இயக்குநருமான ழான் விலாரைத் தேடி, அவருடைய ஒப்பனை அறைக்கு ஓர் இளைஞர் வருகிறார். வயது 27. பிரெஞ்சு சினிமா பார்க்கும் எவருக்கும் தெரிந்த முகம். உங்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்கிறார். விலாருக்கு வியப்பு. சில ஆண்டுகளுக்கு முன் கோர்னெய் எழுதிய 'லெ சித்' நாடகத்தில் நடிக்க அவரே இந்த இளைஞரை அழைத்திருந்தார். துன்பியல் நாடகம் எனக்கு வராது என்று அப்போது மறுத்தவர்தான் இப்போது தானாக வந்து நிற்கிறார்.

அந்த இளைஞர் ஜெரார் ஃபிலிப். அவருக்குப் பட வாய்ப்புகளும் இருந்தன, பணமும் இருந்தது. விலாரிடமோ திறந்தவெளியில் நாடகம் போடும் ஒரு சிறிய குழுதான் இருந்தது. இவர் ஏன் அவரைத் தேடிப் போனார்? ஃபிலிப்பின் அழகைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்த அழகை அவர் எங்கே கொண்டுபோய்ப் பயன்படுத்தினார் என்பதுதான் அதைவிட முக்கியம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

[திரையில்: கான் நகரக் கடற்கரை, பழைய புகைப்படங்கள்]

1922 டிசம்பர் 4 அன்று பிரான்சின் தென்கரையில் உள்ள கான் நகரில் பிறந்தார். தந்தை ஹோட்டல் தொழிலில் இருந்தவர். மகன் சட்டம் படிக்க வேண்டும் என்று விரும்பினார். மகனுக்கோ மேடை மீது ஆசை. தாய் மகன் பக்கம் நின்றார். 1942இல் நீஸ் நகரில் முதல் மேடை. அடுத்த ஆண்டே பாரிசில், ழான் ஜிரோது எழுதிய 'சோதோமும் கொமோராவும்' நாடகத்தில் தேவதூதன் வேடம். மெலிந்த உயரமான உடல்வாகு, கணீரென்று ஒலித்தாலும் எங்கோ ஓர் ஏக்கம் ஒட்டியிருக்கும் குரல். அந்தக் குரலை ஒருமுறை கேட்டவர்கள் மறக்கவில்லை. குடும்பப் பெயரின் கடைசியில் ஓர் எழுத்தைக் கூட்டிக்கொண்டதும் இளமையில்தான். பிரெஞ்சில் எழுதும்போது முழுப் பெயரும் 13 எழுத்துகளாக வர வேண்டும் என்று அப்படிச் செய்தார்.

அப்போது பிரான்ஸ் ஜெர்மனியின் பிடியில் இருந்தது. ஃபிலிப்பின் தந்தை ஆக்கிரமிப்பாளர்களோடு ஒத்துழைத்தவர்களின் பக்கம் இருந்தார். மகனோ 1944 ஆகஸ்டில் பாரிஸ் விடுதலைக்காக நகர மண்டபத்தைக் காத்து நின்றவர்களில் ஒருவர். போர் முடிந்ததும் தந்தைக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் தீர்ப்பு வந்தபோது அவர் நாட்டில் இல்லை. ஸ்பெயினுக்குத் தப்பிப் போயிருந்தார். அரசியலில் முற்றிலும் எதிர்ப்பக்கம் நின்ற மகன், தந்தையைக் கைவிடவில்லை. இந்த வேதனையை அவர் மேடையிலோ பேட்டிகளிலோ விற்றதில்லை என்பதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

1945 செப்டம்பரில், எபெர்த்தோ அரங்கில், அல்பெர் காம்யுவின் 'கலிகுலா'. ரோமானியப் பேரரசனாக, தர்க்கத்தின் எல்லைவரை சென்று கொலைகாரனாகிவிடும் இளைஞனாக, 22 வயது ஃபிலிப். போரில் மனிதர்கள் மனிதர்களுக்குச் செய்ததைப் பார்த்துவிட்டு அரங்கில் வந்து அமர்ந்திருந்த கூட்டம் அது. தேவதை முகம் கொண்ட ஒருவன் வாயிலிருந்து அந்தக் கொடுங்கோலனின் சொற்கள் வந்தபோது அவர்களுக்குள் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அன்றிரவு முதல் பாரிஸ் நாடக உலகம் அவரைப் பெரிய நடிகராக ஏற்றுக்கொண்டது.

சினிமா அவரை நாடு முழுவதும் கொண்டுபோனது. 1947இல் க்ளோத் ஓத்தான்-லாரா இயக்கிய 'லெ தியாப்ள் ஓ கோர்' வெளிவந்தது. முதல் உலகப் போரில் கணவன் போர்முனையில் இருக்கும்போது, அவன் மனைவியைக் காதலிக்கும் பள்ளி மாணவனின் கதை. மிஷ்லின் ப்ரெல் உடன் நடித்தார். நாட்டுக்காகப் போரிடும் வீரனை இழிவுபடுத்துகிறது என்று பெரும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு பிரசெல்ஸ் திரைப்பட விழாவில் ஃபிலிப்புக்குச் சிறந்த நடிகர் விருதும் கிடைத்தது. அடுத்து வந்த படங்களை இங்கே வரிசையாகச் சொல்லத் தேவையில்லை. ரெனே க்ளெர், மக்ஸ் ஓஃபுல்ஸ் போன்ற இயக்குநர்கள் அவரை வைத்துப் படம் எடுத்தார்கள். அந்த உச்சத்தில்தான் விலாரின் ஒப்பனை அறைக் கதவைத் தட்டினார்.

[திரையில்: அவிஞ்ஞோன் நகரம், போப்பாண்டவர் அரண்மனையின் முற்றம், இரவு]

1951 ஜூலை. தென் பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில், 14ஆம் நூற்றாண்டில் போப்பாண்டவர்கள் வாழ்ந்த கல் அரண்மனையின் முற்றம். 1947இல் விலார் தொடங்கிய நாடக விழா அங்கேதான் நடந்துவந்தது. திரை கிடையாது, வண்ணம் தீட்டிய தட்டிகள் கிடையாது. உயர்ந்த கற்சுவர், இரவு வானம், விளக்கொளி, பளிச்சென்ற உடைகள். மிஸ்த்ரால் என்ற வடகாற்று எழுந்தால் அதையும் மீறி வசனம் பேச வேண்டும்.

அந்தக் கோடையில் ஃபிலிப் இரண்டு நாடகங்களில் நடித்தார். ஒன்று, முன்பு மறுத்த அதே 'லெ சித்'. 1637இல் முதன்முதலில் மேடையேறிய இந்த நாடகத்தை பிரெஞ்சு மாணவர் ஒவ்வொருவரும் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பார். தந்தையின் மானத்துக்காகக் காதலியின் தந்தையைக் கொல்ல வேண்டிய இளைஞன் ரொத்ரீக். ஒத்திகையில் மேடையிலிருந்து விழுந்து காயம்பட்டிருந்த ஃபிலிப், முதல் நாள் நிகழ்ச்சியில் பெரும்பகுதியை உட்கார்ந்தே நடிக்க நேர்ந்தது. வாளும் வீரமுமாகப் பாய வேண்டிய வேடத்தில் உடல் ஓய்ந்துவிட, குரல் மட்டுமே எஞ்சியது. அந்தக் குரலே போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடத்து உரைநூலில் உறைந்து கிடந்த செய்யுள் வரிகளை, இப்போதுதான் மனத்தில் தோன்றியவை போல அவர் பேசினார். வரிக்குப் பன்னிரண்டு அசை கொண்ட அலெக்சாந்திரன் யாப்பின் தாளம் கெடாமலே அது இயல்பான பேச்சாகவும் கேட்டது. இது அரிய வித்தை. யாப்பைக் காப்பாற்றினால் உயிர் போய்விடும், உயிரைக் காப்பாற்றினால் யாப்பு உடைந்துவிடும் என்று திணறிய நடிகர்கள்தான் அதிகம்.

மற்றொன்று, க்ளைஸ்ட் எழுதிய 'ஹோம்பர்க் இளவரசன்'. போர் முடிந்து ஆறே ஆண்டுகள் ஆன பிரான்சில், பிரஷ்யப் படைத்தளபதி ஒருவனை நாயகனாகக் கொண்ட ஜெர்மானிய நாடகத்தை மேடையேற்றுவதற்குத் துணிச்சல் வேண்டும். தூக்கத்தில் நடக்கும் இளவரசன் கனவு மயக்கத்தில் கட்டளையை மீறிப் போரில் வெல்கிறான். வென்றும் மரண தண்டனை பெறுகிறான். தனக்கெனத் தோண்டப்பட்ட குழியைக் கண்டு கதறுகிறான். அழகன் என்று கொண்டாடப்பட்ட நடிகர், மரணத்துக்கு அஞ்சி மண்டியிடும் மனிதனாக மேடையில் குறுகிப்போனார். அவரோடு இளவரசனின் காதலி நடாலியாக நடித்தவர் இளம் நடிகை ழான் மோரோ. இசை அமைத்தவர் மோரிஸ் ழார். பின்னாளில் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா' படத்தின் இசையால் உலகப் புகழ் பெற்றவர்.

[திரையில்: 'தே என் பே' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட தேசிய மக்கள் அரங்கின் சுவரொட்டி]

அதே ஆண்டு, அப்போது பாரிசில் இருந்த தேசிய மக்கள் அரங்கு விலாரின் பொறுப்புக்கு வந்தது. எரிவாயு, தண்ணீர், மின்சாரம் போல நாடகமும் ஒரு பொதுச் சேவை என்பது அவர் கொள்கை. நுழைவுக் கட்டணத்தைக் குறைத்தார். இருக்கை காட்டும் பணியாளருக்கு அன்பளிப்புக் காசு கொடுக்கும் வழக்கத்தை ஒழித்தார். வேலை முடிந்து வருபவர்கள் அரங்கிலேயே உணவு உண்ணலாம். நாடகம் சீக்கிரம் தொடங்கும். கடைசி மெட்ரோவைப் பிடித்து வீடு திரும்பலாம். தொழிற்சாலைகளின் தொழிலாளர் குழுக்களைத் தேடிப்போய் ரசிகர்களாகச் சேர்த்தார்.

அரங்கின் இடமான ஷாயோ அரண்மனையில் அப்போது ஐக்கிய நாடுகள் சபையின் பொதுக்கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆகவே 1951 நவம்பரில் குழு புறநகரான சுரேனுக்குப் போனது. அங்கே வார இறுதி முழுவதும் நாடகம், இசை, விருந்து, பார்வையாளர்களோடு உரையாடல், நடனம். ஃபிலிப் அங்கே 'லெ சித்' நாயகன். பிரெக்டின் 'அன்னை தைரியம்' நாடகத்தில் அவளுடைய மூத்த மகன். ஒரு நாள் நாயகன், மறுநாள் சிறிய வேடம். குழுவின் சுவரொட்டியில் நடிகர் பெயர்கள் அகரவரிசையில் அச்சாகும். அவர் பெயரும் அப்படியே. ஊதியமும் குழுவில் மற்றவர்களுக்கு இருந்த முறையில்தான். சினிமாவில் சம்பாதிக்கக்கூடியதோடு ஒப்பிட்டால் அது மிகச் சொற்பம். அவருக்காக வந்த கூட்டம் கோர்னெயையும் க்ளைஸ்டையும் மூசேயையும் கேட்டுவிட்டுப் போனது. அவர் விரும்பியதும் அதைத்தான்.

1952இல் அவிஞ்ஞோனில் மூசேயின் 'லொரென்சாச்சோ' நாடகத்தை அவரே இயக்கி நடித்தார். பிறகு விக்தோர் யூகோவின் 'ருய் ப்ளாஸ்', ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்'. குழு சோவியத் ஒன்றியத்துக்கும் வட அமெரிக்காவுக்கும் பயணம் போனது.

[திரையில்: 'ஃபான்ஃபான் லா தூலிப்' படக் காட்சிகள்]

சினிமாவை அவர் விட்டுவிடவில்லை. 1952இல் கிறிஸ்தியான்-ழாக் இயக்கிய 'ஃபான்ஃபான் லா தூலிப்', ஜினா லொல்லோபிரிஜிதாவோடு. வாட்சண்டை, குதிரைச் சவாரி, போரைக் கேலி செய்யும் வசனங்கள். பிரான்சில் மட்டும் 60 லட்சத்துக்கும் மேற்பட்ட டிக்கெட்டுகள் விற்றன. மாஸ்கோவிலும் டோக்கியோவிலும் அவர் பெயர் தெரிந்தது இந்தப் படத்தால்தான்.

எனக்கு அதைவிட நெருக்கமானவை வேறு இரண்டு. ஒன்று 'லேசோர்கெயோ', 1953, இயக்கியவர் இவ் அலெக்ரே. மெக்சிகோவின் ஒரு துறைமுக ஊரில் நோய் பரவுகிறது. குடித்துச் சீரழிந்த மருத்துவர் ஒருவர், ஒரு பாட்டில் மதுவுக்காகக் கூட்டத்தின் நடுவே ஆடுகிறார். அந்த ஆட்டத்தில் ஃபிலிப் தன் அழகைத் தானே மண்ணில் போட்டு மிதிக்கிறார். பார்க்கும் நமக்குத்தான் கூசுகிறது. இரண்டாவது, 1954இல் ரெனே க்ளெமோன் இயக்கிய 'மொசியே ரிப்புவா'. லண்டன் தெருக்களில், ஒளித்துவைத்த கேமராவோடு எடுத்த காட்சிகள் அதில் உண்டு. பெண்களை ஒருவர்பின் ஒருவராக ஏமாற்றும் அற்ப மனிதன். அவன் மீது இரக்கம் வரும்படி கெஞ்சாமல் நடித்திருக்கிறார். கான் விழாவில் படத்துக்குச் சிறப்பு நடுவர் பரிசு கிடைத்தது.

தோல்வியும் உண்டு. 1956இல் கிழக்கு ஜெர்மனியின் தேஃபா திரைப்பட நிறுவனத்தோடு சேர்ந்து, ஆவணப்பட இயக்குநர் யோரிஸ் இவென்ஸ் துணையுடன் அவரே இயக்கிய 'தில் லெஸ்பியேக்ல்' படம் பிரான்சில் எடுபடவில்லை. பின்னர் 'புதிய அலை' என்ற பிரெஞ்சு சினிமா இயக்கத்தை உருவாக்கிய இளம் விமர்சகர்களுக்கு அவர் நடித்த படங்களே பிடிக்கவில்லை. ஓத்தான்-லாராவின் படங்களையும் அவற்றின் திரைக்கதை ஆசிரியர்களையும் 1954இல் அவர்களில் ஒருவரான த்ரூஃபோ கடுமையாகத் தாக்கி எழுதினார். அந்த விமர்சனத்தில் ஒரு பகுதி நியாயம்தான்: அதே ஆண்டு வந்த 'சிவப்பும் கறுப்பும்' படத்தில், பதின்வயது கடக்காத ழூலியன் சொரெலாக 31 வயது ஃபிலிப் நடித்தது பொருந்தவில்லை. ஆனால் 'மொசியே ரிப்புவா'வின் தெருக்களைப் பார்க்கும்போது, புதிய அலை பின்னால் செய்ததில் ஒரு பங்கு அங்கேயே தொடங்கிவிட்டதாகத் தோன்றுகிறது.

[திரையில்: பத்திரிகைத் தலைப்பு, 1957]

1957இல் 'நடிகர்கள் நாய்கள் அல்ல' என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். ஒத்திகைக்கு ஊதியம், வேலையில்லாத நாட்களில் பாதுகாப்பு என்று சிறிய நடிகர்களின் அன்றாடப் பிரச்சினைகளே அவர் கவலை. பிளவுபட்டுக் கிடந்த நடிகர் அமைப்புகள் இணைந்து 1958இல் பிரெஞ்சு நடிகர் சங்கம் உருவானபோது அவர்தான் தலைவர். தனக்குத் தேவைப்படாத உரிமைகளுக்காகப் போராடிய நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்தால் பட்டியல் நீளாது.

1959 நவம்பர் 9 அன்று, கல்லீரலில் சீழ்க்கட்டி என்று கருதி அறுவை சிகிச்சை செய்தார்கள். இருந்தது புற்றுநோய். மருத்துவர்கள் மனைவி ஆனிடம் மட்டும் உண்மையைச் சொன்னார்கள்; ஆன் அதைக் கணவரிடம் சொல்லவில்லை. அடுத்து நடிக்கலாம் என்று கிரேக்கத் துன்பியல் நாடகங்களைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார் ஃபிலிப். நவம்பர் 25 அன்று பாரிஸ் வீட்டில் இறந்தார். வயது 36. தென்கரைக் கிராமமான ரமத்துயெலில், ரொத்ரீக்காக மேடையில் அணிந்த உடையோடு அடக்கம் செய்யப்பட்டார். அந்தக் கடைசி வாரங்களைப் பற்றி ஆன் 1963இல் ஒரு நூல் எழுதினார். சொல்லாமல் மறைத்ததன் பாரத்தை அதில் மறைக்கவில்லை. லூயிஸ் புனுவெல் இயக்கத்தில் ஃபிலிப் நடித்த கடைசிப் படம் அவர் இறந்த பிறகுதான் திரைக்கு வந்தது.

[திரையில்: பார்க்க வேண்டிய படங்கள், கேட்க வேண்டிய ஒலிப்பதிவுகள்]

எங்கிருந்து தொடங்கலாம்? குழந்தைகளோடு பார்ப்பதானால் 'ஃபான்ஃபான்'. தனியாக என்றால் 'மொசியே ரிப்புவா', பிறகு மிஷேல் மோர்கனோடு நடித்த 'லேசோர்கெயோ'. மேடை நடிப்பை இனி நேரில் பார்க்க வழியில்லை. ஆனால் 'லெ சித்' ஒலிப்பதிவாக இருக்கிறது. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் ரொத்ரீக்கின் தனிமொழியைக் கேளுங்கள், தாளமே உங்களை இழுத்துச் செல்லும். தமிழில் 'குட்டி இளவரசன்' படித்தவர்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு: 1954இல் ஃபிலிப் கதைசொல்லியாகவும், சிறுவன் ழோர்ஜ் பூழூலி இளவரசனாகவும் பேசிய பதிவு. கதை ஏற்கெனவே தெரியுமாதலால், கவனம் முழுவதையும் அந்தக் குரலுக்குக் கொடுத்துவிடலாம்.