பௌர்ணமிக்கு மறுநாள்

எல்லாருக்கும் வணக்கம். திருவண்ணாமலையில் மைக் பிடித்துக் கிரிவலத்தைப் பற்றிக் கேள்வி கேட்க எனக்கும் கொஞ்சம் பயம்தான். நானும் மலை சுற்றுகிறவன்தான். 14 கிலோமீட்டர், அஷ்டலிங்கம், நடுவில் ஒரு சுக்குக் காபி, எதையும் விடுவதில்லை.

பௌர்ணமி முடிந்ததும் செய்தியில் என்ன வருகிறது? இத்தனை லட்சம் பேர் வந்தார்கள், இத்தனை சிறப்புப் பேருந்து ஓடியது. அன்றைக்கு ஊருக்குள் இருந்தவர்கள் பாடு ஒரு வரி வராது. பாதையோரம் குடியிருக்கும் ஒரு அம்மாவுக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் எந்த வழியாக வரும்? மறுநாள் விடியற்காலையில் போய்ப் பாருங்கள். அன்னதானம் போட்டவர் புண்ணியத்தோடு கிளம்பிவிட்டார். சாம்பார் சாதம் ஒட்டிய பாக்குமட்டைத் தட்டுகளைத் தூய்மைப் பணியாளர்கள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வருமானம் இல்லையா? இருக்கிறது. பூக்கடை, ஆட்டோ, இட்லிக் கடை எல்லாம் இந்தக் கூட்டத்தை நம்பித்தான். ஆந்திரா, தெலங்கானாவிலிருந்து ஜனம் வரத் தொடங்கியதும் நம் கடைக்காரர்கள் தெலுங்கு பேசப் பழகிவிட்டார்கள், போர்டும் தெலுங்கில் எழுதிவிட்டார்கள். கெட்டிக்காரர்கள்!

ஆனால் வாடகை? 1896ல் இங்கே வந்த ரமணர் கோயிலிலும் குகையிலும் இருந்தார். யாருக்கும் வாடகை கொடுக்கவில்லை. இன்று அவர் பெயரில் உள்ள ரமண நகரில் ஒரு பூ கட்டுகிற பெண் வீடு தேடிப் பார்க்கட்டும். கார்த்திகை தாண்டினால் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். நாள் கணக்கில் விட்டால் கூடுதலாகக் கிடைக்கும்போது வீட்டுக்காரர் ஏன் மாத வாடகைக்கு விடப்போகிறார்? அவரையும் குறை சொல்ல முடியாது.

அப்புறம், 2024 டிசம்பர் 1. ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இடிந்து வ.உ.சி. நகர் வீடுகள் மேல் விழுந்தது. ஏழு பேர் இறந்தார்கள், அதில் ஐந்து பேர் குழந்தைகள். பன்னிரண்டு நாளில் தீபம். அதற்கு முன்னால் மலை எப்படி இருக்கிறது என்று பார்க்க நிபுணர் குழு ஏறியது; பக்தர்கள் மலையேறத் தடை வந்தது. இரண்டுமே சரியான முடிவு. ஆனால் சரிவில் ஏன் வீடு கட்டினார்கள் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்! கீழே சமதரையில் ஒரு சென்ட் என்ன விலை என்று கேட்டவர்களைத்தான் காணோம்.

ஊர் மாநகராட்சி ஆகிவிட்டது. வருகிறவர்கள் தங்க யாத்ரி நிவாஸ் இருக்கிறது. பாதையைப் பெருக்குகிறவர்களுக்கும் தள்ளுவண்டிக்காரர்களுக்கும் கட்டுபடியாகிற வாடகையில், சரிவை விட்டுத் தள்ளி, வீடு கட்டிக் கொடுங்கள் என்று அடுத்த பகுதி சபைக் கூட்டத்தில் கேட்கப்போகிறேன். நீங்களும் வந்து கையைத் தூக்குங்கள். ‘இவன் சாமி காரியத்தில் தலையிடுகிறான்’ என்று யாராவது சொன்னால், அவர் எத்தனை வீடு நாள் வாடகைக்கு விட்டிருக்கிறார் என்று விசாரியுங்கள்.