படியிறங்கி வரும் சாமியார்

எல்லோரும் திரையைப் பாருங்கள். ழான் லியோன் ஜெரோம் 1873-ல் வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம் இது, அசல் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்ஸ் மன்னரின் முதலமைச்சராக இருந்த கர்தினால் (போப்புக்கு அடுத்த நிலை கத்தோலிக்கக் குரு) ரிஷெல்யூவின் பாரிஸ் மாளிகைப் படிக்கட்டு, சுவரில் அவருடைய குலச்சின்னம் எவ்வளவு பெரிசாகத் தொங்குகிறது பாருங்கள்! வலது பக்கம் முரட்டுத் துணி அங்கியும் செபமாலையுமாக ஒருவர் புத்தகத்தைப் படித்துக்கொண்டே இறங்குகிறாரே, அவர் கப்புச்சின் என்ற எளிய கத்தோலிக்கத் துறவு சபையைச் சேர்ந்த பிரான்சுவா லெக்லேர் து த்ராம்ப்லே, சுருக்கமாக ஜோசப் சாமியார்.

இடது பக்கம்தான் வேடிக்கை. பட்டும் சரிகையும் போட்ட பெரிய மனிதர்கள் தொப்பியைக் கழற்றி, இடுப்பு ஒடிகிற அளவுக்குக் கூழைக்கும்பிடு போடுகிறார்கள், ஆனால் அவரைத் தாண்டி மேலே போய்விட்டவர்களின் கண்ணைக் கவனியுங்கள், அந்தக் கும்பிடு போட்டவர்களா இவர்கள் என்று தோன்றும். சாமியார் எதற்கும் நிமிரவில்லை. படிக்கிற மாதிரி நடிக்கிறார் என்றுதான் பலருக்கும் தோன்றும், அப்படி நினைத்தால் கதை சுலபமாக முடிந்துவிடும், சரி, ஒரு போலிச் சாமியார் என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடலாம்.

எனக்கு அவர் நிஜமாகவே படிக்கிறார் என்றுதான் படுகிறது. இந்த மனிதர் 1617-ல் அந்துவானெத் தோர்லெயானோடு சேர்ந்து கன்னியர் சபை ஒன்றைத் தொடங்கியவர், தியானத்தைப் பற்றி எழுதியவர், பக்தியில் குறையே சொல்ல முடியாது. அப்புறம் அதே ஆள்தான் ரிஷெல்யூவின் வலது கை. 1630-ல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் புனித ரோமானியப் பேரரசரோடு நடந்த பேச்சுவார்த்தைக்குப் போனவரும் இவரே. அடுத்த வருடமே கத்தோலிக்க பிரான்ஸ், அந்தக் கத்தோலிக்கப் பேரரசரோடு மோதிக்கொண்டிருந்த புராட்டஸ்டண்ட் சுவீடனுக்குப் பணம் கொடுக்க ஒப்பந்தம் போட்டது, அந்த ராஜதந்திரத்திலும் இவர் கை உண்டு. இந்த மோதல்தான் முப்பதாண்டுப் போர் (1618-1648), அதில் ஜெர்மனி சுடுகாடானது உங்களுக்குத் தெரியும். செபமும் உண்மை, சூழ்ச்சியும் உண்மை, இரண்டும் ஒரே அங்கிக்குள் சண்டையில்லாமல் குடியிருந்தன, போலிச் சாமியாரைவிட இந்த ஆளிடம்தான் எனக்குப் பயம் அதிகம்.

1874 பாரிஸ் சலோன் கண்காட்சியில் இந்தப் படத்துக்குத்தான் ஜெரோமுக்கு கௌரவப் பதக்கம் கிடைத்தது. சாமியாருக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. அவரைக் கர்தினால் ஆக்க ரிஷெல்யூ ரோமிடம் கேட்டுக்கொண்டே இருந்தார், அது வருவதற்குள் 1638-ல் ஜோசப் இறந்துபோனார், பிறகு ரிஷெல்யூவிடம் பணிபுரிந்த மஸரன் பெயரைச் சொன்னார்கள், 1641-ல் கர்தினாலின் சிவப்புத் தொப்பி மஸரனுக்குப் போனது.