தானாக முளைத்த முதிரையையும் கணக்கில் எழுதுங்கள்! | திருமலை வ்லாக்

வணக்கம் உறவுகளே. இன்றைக்குக் கடற்கரையும் இல்லை, சாப்பாட்டுக் கடையும் இல்லை. சரியான கோபத்தில் இருக்கிறேன், நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

திருகோணமலை மாவட்டத்து முதலிக்குளம் பக்கம், காடு வெட்டி எரித்துப் பயிர் செய்து பிறகு கைவிட்ட சேனை நிலத்தில் மரம் நடுவதைப் போன மாரியில் காட்டினேனே, அதே இடம்தான். இப்போது அங்கே மெசின் போட்டுப் புல் வெட்டியிருக்கிறார்கள். நட்ட கன்றுகளுக்குப் பக்கத்தில் தடி இருந்ததால் அவை தப்பிவிட்டன. தடி இல்லாத எல்லாவற்றையும் வழித்துவிட்டார்கள். இடுப்பளவு முதிரை, வீரை, நாவல் மரக்கன்றுகள்... ஒருவரும் நடாமல், தண்ணீர் ஊற்றாமல் வந்தவை!

இந்த இலையைப் பாருங்கள். வெயிலுக்கு நேரே பிடிக்கிறேன். ஊசியால் குத்தியதுபோல் சின்னச் சின்னப் புள்ளிகள் தெரிகின்றனவா? அவை எண்ணெய்ச் சுரப்பிகள். விளா இலையிலும் இது உண்டு, ஆனால் விளாவுக்கு முள் இருக்கும். இதில் முள் இல்லை, ஒரே காம்பில் நிறையச் சிற்றிலைகள். முதிரையேதான்.

வெட்டிய ஆக்களை நான் குறை சொல்லவில்லை. மரநடுகைத் திட்டக்காரர்களின் அறிக்கைப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: நட்டது எத்தனை, பிழைத்தது எத்தனை. தானாக வந்ததற்குக் கட்டமே இல்லை. எனக்கு இந்த 'இத்தனை ஆயிரம் கன்று நட்டோம்' என்ற பதாகைகளைக் கண்டாலே பிடிக்காது. இலங்கையில் கண்டல், அதாவது கரையோரச் சேற்றில் வளரும் மரங்கள், நட்ட 23 இடங்களைப் பற்றி 2017இல் ஓர் ஆய்வு வந்தது. அதில் 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை. நடும்போது எண்ணினார்கள்தானே, அதற்குப் பிறகு?

சரி, தானாக வந்ததை எப்படி எண்ணுவது? நடுவில் ஒரு தடி ஊன்றி, 5.64 மீட்டர் கயிற்றைக் கட்டிச் சுற்றி வாருங்கள். அந்த ஆரைக்கு வட்டத்தின் பரப்பு 100 சதுர மீட்டர், அதாவது ஒரு ஹெக்டேயரில் நூறில் ஒரு பங்கு. சராசரியாக வட்டத்துக்கு 12 கன்று என்றால் ஹெக்டேயருக்கு 1,200. அவ்வளவு லேசு.

ஆனால் அந்தக் கயிறு! நைலோன் கயிறு எனக்கு அறவே பிடிக்காது. இழுக்க இழுக்க நீளும். 5.64 கொஞ்சம் இழுபட்டு 5.80 ஆனாலே வட்டம் கிட்டத்தட்ட 106 சதுர மீட்டர் ஆகிவிடும், கன்றுகள் கூடிவிட்டதாகக் கணக்கு வரும். மத்திய வீதியில் கடை கடையாக ஏறி இறங்கினேன். 50 மீட்டர் அளவு நாடா 2,900 ரூபாய் என்றார்கள். எனக்குத் தேவை ஆறு மீட்டர் ஐயா! கடைசியில் வலைச் சாமான் விற்கும் கடையில் நீளாத பின்னல் கயிறு கிடைத்தது. 10 மீட்டர், 350 ரூபாய். கடைக்காரர் அண்ணா முன்னால் நின்றே இழுத்துக் காட்டினார், அசையவில்லை. வீடு வரும்வரை எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆ, வட்டம் எங்கே போடுவது என்று சொல்லாமல் வந்துவிட்டேன். போவதற்கு முன்பே வரைபடத்தில் குறித்துவிடுங்கள். பெரிய பாலை மரத்தடியாகத் தேடிப் போகக் கூடாது. பழம் தின்னும் பறவைகள் அதில் வந்திருந்து எச்சமிடும், அடியில் வீரையும் நாவலும் குவிந்து முளைக்கும். அதை வைத்து முழுக் காட்டையும் கணக்குப் போட முடியாது. ஒன்றுமே இல்லாத வட்டத்துக்கும் பூச்சியம் என்று எழுத வேண்டும்.

அப்புறம், மாதம் முக்கியம். மாரி முடிந்த கையோடு போனால் தரையெல்லாம் முளை. கச்சான் என்கிற வறண்ட தென்மேற்குக் காற்று வீசி முடிந்து புரட்டாதியில் போனால்தான் எது தாக்குப்பிடித்தது என்று தெரியும். எந்த மாதம் என்றாலும் வருடாவருடம் அதே மாதம், அதே வட்டம். மரத்தின் பெயர், உயரம், விதையில் வந்ததா, அடிக்கட்டையிலோ வேரிலோ துளிர்த்ததா, இதெல்லாம் தனித்தனிக் கட்டம். 1.3 மீட்டரைத் தாண்டியதற்கு அந்த உயரத்தில் தண்டின் விட்டத்தையும் அளந்து எழுதுங்கள்.

இந்தக் கட்டங்களோடு ஒரு படிவம் செய்து கீழே இணைப்பில் போட்டிருக்கிறேன். திட்டக்காரர்களிடமும் கொடுத்திருக்கிறேன், வாங்கிக்கொண்டார்கள். பதில் வந்தால் சொல்கிறேன். வெட்டுப்பட்ட முதிரை அடியிலிருந்து மறுபடி துளிர்க்கக்கூடியது. ஆகவே அடுத்த முறை மெசின் வருவதற்குள் ஒவ்வோர் அடிக்கட்டைக்கும் தடி நட்டுச் சிவப்புத் துணி கட்ட வேண்டும். சனிக்கிழமை விடியப் போகிறோம். வருகிறவர்கள் தண்ணீர்ப் போத்தலும் கத்தியும் கொண்டு வாருங்கள், கயிறு என்னிடம் இருக்கிறது.