மெயின்ஃபிரேமுக்கு இணைய வாசல்

வணக்கம் நேயர்களே.

கைப்பேசியில் கணக்கு இருப்பைப் பார்க்க விரல் வைக்கிறோம். அடுத்த நொடி ஒரு தொகை திரையில் வந்து நிற்கிறது. அந்தத் தொகையைக் கணக்கிட்டுச் சொன்ன நிரல், பெரிய நிறுவனங்கள் பலவற்றில், கைப்பேசி புழக்கத்துக்கு வருவதற்கு முன்பே கோபோல் மொழியில் எழுதப்பட்டது. எழுதியவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். நிரல் இன்னும் மெயின்ஃபிரேம் என்ற பெரிய மையக் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதிவிடலாம் என்பவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி அல்ல. ஒரு வணிகத்தின் விதிகளும் விலக்குகளும் பல பத்தாண்டுகளாகப் படிந்து கிடக்கும் இடம் அது. அதில் கை வைக்காமல், வெளி உலகம் வந்து பேசுவதற்கு ஒரு வாசலை மட்டும் கட்டலாம். அந்த வாசலை எப்படிக் கட்டுவது, எங்கே கவனம் வேண்டும் என்பதை என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

ஐபிஎம் நிறுவனம் சிஸ்டம் 360 கணினி வரிசையை 1964 ஏப்ரலில் அறிவித்தது. அதன்மேல் ஓடும் சிஐசிஎஸ் என்ற மென்பொருள் 1969-இல் விற்பனைக்கு வந்தது. வாடிக்கையாளர் தகவல் கட்டுப்பாட்டு அமைப்பு என்பது பெயரின் பொருள். மின்சாரம், எரிவாயு போன்ற பொதுப் பயன்பாட்டு நிறுவனங்களுக்காகத் தொடங்கியதால் வந்த பெயர் அது. அப்ளிகேஷன் சர்வர் என்று இன்று நாம் சொல்லும் வேலையை அது அன்றே செய்தது. ஆயிரக்கணக்கானோரின் கோரிக்கைகளை ஒரே நேரத்தில் வாங்கும், ஒவ்வொன்றுக்கும் நினைவகம் ஒதுக்கும், கோப்பையும் தரவுத்தளத்தையும் திறந்து தரும். வேலை முழுதாக முடிந்தால் பதிவு செய்யும். பாதியில் முறிந்தால் எதுவுமே நடக்காததுபோல் பழைய நிலைக்குத் திருப்பிவிடும். இந்தக் கடைசிக் குணத்துக்காகவே நான் அதை மதிக்கிறேன். அதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

2005-இல் வந்த சிஐசிஎஸ் 3.1 பதிப்பு, கணினிகள் எழுத்து வடிவில் செய்தி பரிமாறும் சோப் முறையிலான இணையச் சேவைகளை உள்ளேயே நடத்தும் வசதியைத் தந்தது. 32 கிலோபைட்டுக்குள் அடங்கிய பழைய தகவல் பரிமாற்றப் பகுதிக்குப் பதிலாக, அந்த வரம்பு இல்லாத சேனல், கன்டெய்னர் என்ற முறையும் அதே பதிப்பில்தான் வந்தது. ஜாவா நிரல்களுக்கான லிபர்ட்டி சர்வரும், ஜேசன் என்ற எளிய செய்தி வடிவத்துக்கான வசதிகளும் பிறகு சேர்ந்தன. புதிதாகத் தொடங்குபவர் ஜேசன் பக்கம் போவதே நல்லது. ஆனாலும் நான் சொல்லப்போகும் சிக்கல்கள் இரண்டுக்கும் பொது.

அமைப்பது பெரிய வித்தை அல்ல. சிஐசிஎஸ் தொடங்கும்போது படிக்கும் அளவுருக்களில் டிசிபிஐபி என்ற இணையத் தொடர்பு வசதியை இயக்க வேண்டும். எந்தப் போர்ட்டில், அதாவது எந்த இணைப்பு எண்ணில், காது கொடுக்க வேண்டும் என்பதை ஒரு வளமாக, அதாவது சிஐசிஎஸ்ஸில் பதியும் ஓர் அமைப்பாக, வரையறுக்க வேண்டும். வரும் முகவரி எந்தச் சேவைக்கு உரியது என்று சொல்ல யூஆர்ஐ மேப் என்ற வளம். செய்தியைப் பிரித்து, மாற்றி, நிரலிடம் சேர்க்கும் பாதைக்குப் பைப்லைன் என்று பெயர். புதியவர்கள் முதலில் தடுக்கி விழுவது இந்தப் பைப்லைனில்தான். அது தனக்கென ஓர் அடைவில் (கோப்புறையில்) கோப்புகளை எழுதும். அந்த அடைவு மெயின்ஃபிரேமுக்குள்ளேயே இருக்கும் யூனிக்ஸ் இயங்குதளப் பக்கத்தில் இருக்கிறது; அங்கே எழுத சிஐசிஎஸ்ஸின் பயனர் கணக்குக்கு அனுமதி வேண்டும். அனுமதி இல்லையென்றால் பைப்லைன் முடங்கிய நிலையில் நிற்கும். மெயின்ஃபிரேம் ஆட்கள் யூனிக்ஸ் அனுமதிகளைப் பார்த்துப் பழகாதவர்கள். அரை நாள் அங்கேயே போய்விடும்.

அடுத்தது தரவின் வடிவம். என் கணிப்பில் மொத்த வேலையின் முக்கால் பங்கு இதுதான்.

கோபோல் நிரலின் உள்ளீடும் வெளியீடும் காப்பிபுக் என்ற வரையறையில் இருக்கும். அதைக் கொடுத்தால், அதிலிருந்தே இணையச் சேவையின் விவரக் கோப்பையும் மாற்று விதிகளையும் உருவாக்கித் தரும் கருவி சிஐசிஎஸ்ஸோடு வருகிறது. ஒரே ஒரு தொகுதி வேலையை (பேட்ச் ஜாப்) ஓட்டினால் போதும், சேவை தயார். இந்த எளிமையில் மயங்காதீர்கள். காப்பிபுக் வீட்டுக்குள் எழுதிவைத்த குறிப்பு. சுருக்கப் பெயர்கள், கைவிடப்பட்ட புலங்கள் (தரவின் தனித்தனிக் கட்டங்கள்), ஒரே இடத்துக்கு இரண்டு பொருள் தரும் மறுவரையறைகள் எல்லாம் அதில் கிடக்கும். அதை அப்படியே வெளியே விட்டால், நாளைக்கு உள்ளே ஒரு புலத்தை நீட்டினாலும் வெளியே இருக்கும் அத்தனை பேரும் நிரலை மாற்ற வேண்டிவரும். வெளியுலகம் என்ன கேட்க வேண்டும், என்ன பெற வேண்டும் என்பதை முதலில் தனியாக எழுதுங்கள். அதிலிருந்து கோபோல் அமைப்பை உருவாக்கும் எதிர்த்திசைக் கருவியும் இருக்கிறது. அந்தப் புதிய அமைப்பை வாங்கி, பழைய நிரலை அழைத்து, வேண்டியதை மட்டும் திருப்பித் தரும் ஒரு சிறிய இடைநிரலை எழுதிவிடுங்கள். இருநூறு வரிக்குள் முடிந்துவிடும்.

இதை நான் அடிபட்டுக் கற்றேன். ஒரு நிறுவனத்தில் கணக்கு விவரச் சேவையைக் காப்பிபுக்கிலிருந்து நேரடியாக உருவாக்கித் திறந்தோம். சோதனையில் எல்லாம் சரி. திறந்த முதல் நாளே சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் விடைக்குப் பதில் பிழைச் செய்தி போயிற்று. அதே கணக்குகளை, ஊழியர்கள் பயன்படுத்தும் பழைய முனையத் திரையில் பார்த்தால் ஒரு குறையும் இல்லை.

இரவு ஒரு மணிக்கு அந்தப் பதிவுகளை ஹெக்ஸ் வடிவில், அதாவது 0 முதல் 9 வரையும் ஏ முதல் எஃப் வரையும் கொண்டு எழுதும் எண்களாக, பிரித்துப் பார்த்தேன். மெயின்ஃபிரேமில் தொகைகளைப் பெரும்பாலும் அடர்த்தியான தசம வடிவில் வைப்பார்கள். ஒரு பைட்டுக்கு இரண்டு இலக்கம். கடைசி அரை பைட்டில் குறி. 12,345.67 என்ற தொகை நான்கே பைட்டுகளில் 12, 34, 56, 7சி என்று உட்கார்ந்திருக்கும். 'சி' என்பது கூட்டல் குறி. புள்ளி எங்குமே எழுதப்படாது. எங்கே இருக்கிறது என்பது நிரலுக்கு மட்டும் தெரியும். பூஜ்யம் என்றால் 00, 00, 00, 0சி என்று இருக்க வேண்டும். நான் பார்த்த பதிவுகளில் கடன் வரம்பு என்ற புலத்தில் 40, 40, 40, 40 என்று இருந்தது. மெயின்ஃபிரேம் பயன்படுத்தும் எப்சிடிக் எழுத்துமுறையில் 40 என்பது வெற்றிடம். என்றோ ஒரு நிரல் அந்தப் பதிவுகளை உருவாக்கும்போது புலம் முழுவதையும் வெற்றிடத்தால் நிரப்பி, தொகையை வைக்காமல் விட்டிருக்கிறது. முனையத்து நிரல், கடன் வசதி உள்ள கணக்குகளுக்கு மட்டுமே அந்தப் புலத்தைத் தொடும். மற்றவற்றைப் பார்க்கவே பார்க்காது. அதனால் இத்தனை ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை. இணையச் சேவையோ விடை அமைப்பில் உள்ள ஒவ்வொரு புலத்தையும் எழுத்தாக மாற்ற முயலும். வெற்றிடத்தை எண்ணாக மாற்ற முடியாமல் மொத்த விடையையும் நிராகரித்துவிட்டது.

பிழை பழைய நிரலில் என்று சொல்ல முடியாது. புதிய சேவையில் என்றும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒருவர் நின்று பார்த்திருக்க வேண்டும். இடைநிரல் செய்வது அந்த வேலையைத்தான். அன்றிலிருந்து எந்தச் சேவையையும் திறப்பதற்கு முன், உண்மைப் பதிவுகளின் நகல் முழுவதையும் வடிவம் மாற்றும் கருவி வழியாக ஒரு முறை ஓட்டிவிடுகிறேன். மாதிரிக்கு எடுத்த பத்துப் பதிவுகளை நம்புவதில்லை.

எழுத்துகளும் இப்படியே. 'ஏ' என்ற ரோமன் எழுத்து எப்சிடிக்கில் சி1. இணையம் பயன்படுத்தும் யூடிஎஃப்-8 முறையில் 41. இந்த மாற்றத்தைச் சிஐசிஎஸ் தானே செய்துவிடும். ஆனால் வழக்கமான எப்சிடிக் எழுத்து அட்டவணைகளில் தமிழ் எழுத்துகளுக்கு இடமே இல்லை. 'தமிழ்' என்ற சொல் யுனிகோடில் ஐந்து குறிகள். யூடிஎஃப்-8 முறையில் பதினைந்து பைட். முப்பது பைட் பெயர்ப் புலத்தில் அந்தச் சொல்லை இரண்டு முறை எழுதினால் புலம் நிறைந்துவிடும். ஒருவரின் பெயரை அவருடைய மொழியிலேயே வாங்க நினைத்தால், புலத்தின் அகலத்தையும் தரவுத்தளத்தின் எழுத்துமுறையையும் முதல் நாளே முடிவு செய்ய வேண்டும். பெயர் சிதைந்து திரும்பி வருவது சின்ன விஷயம் என்று நான் ஒருபோதும் ஒப்பமாட்டேன்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று மட்டும். மறையாக்கம் கட்டாயம் என்று எல்லோருக்கும் தெரியும். பலர் மறப்பது, வருபவர் யார் என்ற அடையாளத்தை உள்ளே கொண்டு செல்வதை. ஒன்றும் செய்யாமல் விட்டால் இணையத்திலிருந்து வரும் எல்லாக் கோரிக்கையும் ஒரே பொதுப் பயனர் பெயரில் ஓடும். தணிக்கைப் பதிவில் யார் என்ன செய்தார் என்பதற்கு விடை இருக்காது. அதேபோல, எல்லாச் சேவைகளையும், சிஐசிஎஸ் தானாகத் தரும் ஒரே பரிவர்த்தனைப் பெயரில் ஓடவிடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் கொடுத்து, ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்று வரம்பு கட்டுங்கள். இணையத்திலிருந்து வரும் கூட்டம் முனையத்தில் வேலை செய்பவரின் இடத்தை அடைத்துவிடக் கூடாது.

முன்பு சொன்ன அந்தக் குணத்துக்கு வருகிறேன். முனையத்தில் ஒரு ஊழியர் பணம் மாற்றும்போது, விடை வரும்வரை அவர் திரை முன் காத்திருப்பார். இணையத்தில் அழைப்பது இன்னொரு கணினி. சில நொடிகளில் விடை வராவிட்டால் அதே கோரிக்கையை மீண்டும் அனுப்பும். முதல் கோரிக்கை உள்ளே வெற்றியாக முடிந்து, விடை மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். அப்போது கணக்கிலிருந்து இரண்டு முறை பணம் போகும்.

இதற்கு நான் வைக்கும் ஏற்பாடு பழைய சிஐசிஎஸ்ஸின் பலத்தை நம்பியது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் அனுப்புபவர் ஒரு தனி எண் தர வேண்டும். மீண்டும் அனுப்பினாலும் அதே எண்தான். இடைநிரல் முதல் வேலையாக அந்த எண்ணை, ஒரே மதிப்பு இரு முறை வர முடியாத டிபி2 என்ற தரவுத்தளத்தின் ஓர் அட்டவணையில் எழுதும். பிறகு பழைய நிரலை அழைக்கும். விடையை அந்த எண்ணுக்கு எதிரே சேமிக்கும். மூன்றும் ஒரே வேலை அலகு. ஏதாவது ஒன்று முறிந்தால் எண்ணும் அழியும், பணமும் திரும்பும். மறுபடி முயல்வதில் ஆபத்து இல்லை. முதல் கோரிக்கை இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது வந்தால், எண்ணை எழுதும் இடத்திலேயே அது காத்து நிற்கும். முதலாவது முடிந்ததும் இரண்டாவதற்கு −803 என்ற குறி கிடைக்கும். அந்த எண் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். இடைநிரல் அதைப் பிழையாக எடுத்துக்கொள்ளாமல் அட்டவணையைப் படிக்கிறது. கணக்கைத் தொடாமல், முதல் முறை சேமித்த விடையையே எடுத்து அனுப்புகிறது.

நன்றி, வணக்கம்.